கட்டுக்கார அஞ்சலையும் மருதமுத்துவின் வயிறும்

காஜா பேராங் தெருவில் அஞ்சலையின் கைக்குத் தப்பிய வயிறுகள் இரண்டுதான். ஒன்று கோயிலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையாருடையது. இன்னொன்று அவள் புருசன் மருதமுத்துவுடையது. பிள்ளையாரின் தொந்தியைப் பற்றி அவளை யாரும் கேள்வி கேட்கவில்லை. மருதமுத்துவின் தொந்தியைப் பற்றித் தெருவே கேட்டது.

அஞ்சலை பிள்ளை பெற்றவர்களுக்கு வயிறு கட்டுகிறவள். மருத்துவச்சி என்று யாராவது சொல்லிவிட்டால் மூக்கு விடைத்துக்கொள்ளும். "புள்ளய வெளிய எடுக்குறது என்னா பெரிய வேல? நேரம் வந்தா அதுவே வந்துரும். வயிறு அப்படியா? புடிச்சு இழுத்து, பழைய எடத்துல கொண்டாந்து ஒக்கார வெக்கணும்லா" என்பாள். அவள் சொல்வதைக் கேட்டால், பிள்ளை பெற்றதும் வயிறு வீட்டைவிட்டு ஓடிப் போய்விடும், அவள்தான் காதைத் திருகி இழுத்துக்கொண்டு வருகிறாள் என்று நினைக்கத் தோன்றும்.

அவள் பிறந்தது ஆயர் குரோ பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த வயதில், பக்கத்துக் கம்பத்து, அதாவது கிராமத்து, மலாய்க்காரி ஒருத்தி பெங்கோங் கட்டுவதை வேடிக்கை பார்த்துக் கற்றுக்கொண்டாள். பெங்கோங் என்பது நீளமான துணி. பிள்ளை பெற்றவளின் இடுப்பில் தொடங்கி மார்புக்குக் கீழ்வரை சுற்றிச் சுற்றி இறுக்குவார்கள். மலாய்க்காரி ஒவ்வொரு சுற்றுக்கும் முடிச்சு போட்டாள். அஞ்சலைக்கு முடிச்சின் மேல் நம்பிக்கை இல்லை. முடிச்சு நெகிழும், இரும்பு நெகிழாது என்று சொல்லி, சுற்றுக்கு ஒரு பெரிய ஊக்கு குத்தினாள். கட்டி முடித்தால் விலாப் பக்கத்தில் ஊக்குகள் மேலிருந்து கீழே அணிவகுத்து நிற்குமாம். 'நிற்குமாம்' என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆண்பிள்ளைகளுக்கு அந்தக் காட்சியைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

தமிழ்ப் பெண்கள், மலாய்ப் பெண்கள், தமிழ் பேசத் தெரியாமல் மலாயிலேயே சாமி கும்பிடும் எங்கள் ஊர்ச் சிட்டிப் பெண்கள், தெங்கேராவின் நீளநீள வீடுகளில் வாழும் சீன பாபா வீட்டு மருமகள்கள் என்று எல்லோருடைய வயிறும் அவள் கைப்பட்டுத்தான் அடங்கியது. தெங்கேராவிலிருந்து அவளைக் கூட்டிப்போக மூன்று சக்கரத் திரிஷா வண்டி வரும். அதில் அவள் ஏறி உட்காரும் விதத்தைப் பார்த்தால் தேருக்கு முன்னால் வடம் எங்கே என்று தேடுவீர்கள்.

நான் கருணாகரன். அவர்களுக்கு அடுத்த வீடு. அடுத்த வீடு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒரே வீட்டை நடுவில் பலகை அடித்து இரண்டாக்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள். அந்தப் பலகைக்கு மறைக்கத் தெரியும், மௌனமாக இருக்கத் தெரியாது. மருதமுத்து கொட்டாவி விட்டால் எனக்குத் தூக்கம் வரும். அஞ்சலை அவரைத் திட்டினால் நான் போய் முகம் கழுவிக்கொண்டு வருவேன்.

எனக்கு வேலை, புக்கிட் பாரு போகிற வழியில் தோட்ட முதலாளிகள் சேர்ந்து நடத்திய ஒரு சின்ன ஆஸ்பத்திரியில். இப்போது அந்தக் கட்டடமே இல்லை. அங்கே எக்ஸ்ரே அறை என் பொறுப்பு. ஆளைப் படுக்க வைப்பது, மூச்சை அடக்கச் சொல்வது, படம் எடுத்து இருட்டறையில் கழுவுவது, இவ்வளவுதான். தெருவில் என்னை எலும்புப் படக்காரன் என்பார்கள். எனக்குப் பெண் கிடைக்காததற்கு அந்தப் பெயர்தான் காரணம் என்று இன்றுவரை நம்புகிறேன்.

மருதமுத்து நகராண்மைக் கழகத்தில் ரோடு ரோலர் ஓட்டினார். ஊரிலேயே மெதுவாகப் போகும் வண்டி. அதைவிட மெதுவாகப் பேசும் ஓட்டுநர். கோபம் என்ற ஒன்று அவருக்குள் தயாரானதாகவே தெரியவில்லை. வீட்டில் அதற்கு இடமும் இல்லை, எல்லாவற்றையும் அஞ்சலை எடுத்துக்கொண்டிருந்தாள். அவருடைய வயிறு அவருக்கு முன்னால் ரோலரில் ஏறும், அவருக்கு முன்னால் வீட்டுக்குள் நுழையும். போதாததற்கு, பல வருடமாகக் குடலிறக்கம் வேறு. வயிற்றுக்குக் கீழே தேங்காய் அளவுக்கு இன்னொரு குட்டி வயிறு தொங்கிக்கொண்டிருந்தது. கைலியை இறுக்கி, மேலே துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு அவர் பாட்டுக்கு இருந்தார்.

தெருப் பெண்களுக்கு இது போதாதா? அஞ்சலை குழாயடிக்குப் போனால், "ஊரு வயித்தெல்லாம் தட்டயாக்குற, ஒன் வூட்டு வயிறு ரெண்டாகிப் போச்சேக்கா" என்று கேலி செய்வார்கள். அவள் பதிலுக்கு அவர்கள் பரம்பரையையே அலசிக் காயப்போட்டுவிட்டு வருவாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் மருதமுத்துவைப் பார்த்து, "ஒரே ஒரு தரம் கட்டி வுடறேன்யா. ஒரே மாசம்" என்று கெஞ்சுவது பலகை வழியாகக் கேட்கும். அவர் இருமுவார். மறுப்பைத் தெரிவிக்க அவர் கண்டுபிடித்த வழி அது.

ஐம்பத்தேழாம் வருடம் ஊர் முழுக்க மெர்டேக்கா ஏற்பாடு. சுதந்திரம் குண்டுகுழியான சாலையில் வரமாட்டேன் என்று அடம்பிடித்ததோ என்னவோ, எல்லாச் சாலைகளையும் ஒரே மூச்சில் சரிசெய்தார்கள். ரோலர் ஓயவில்லை. மருதமுத்து காலையிலிருந்து பொழுது சாயும்வரை குலுங்கிக்கொண்டே இருந்தார். ஒருநாள் புங்கா ராயா சாலை ஓரமாக வண்டியை நிறுத்தி இறங்கியவர், வாந்தி எடுத்துக்கொண்டே சாய்ந்துவிட்டார். குட்டி வயிறு கல்லாகியிருந்தது. குடல் உள்ளேயும் போக முடியாமல் வெளியேயும் வர முடியாமல் சிக்கிக்கொண்டது.

எங்கள் ஆஸ்பத்திரியில் டாக்டர் பொன்னுதுரை உடனே அறுத்துச் சரிசெய்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கை சுத்தம், வாய் எலுமிச்சை. தான் போட்ட தையலைத் தானே தள்ளி நின்று ரசிப்பவர். குடல் அழுகவில்லை, முழுவதையும் உள்ளே தள்ளித் தைத்துவிட்டேன் என்று சொன்னார். பிறகு என்னிடம் ஒரு சந்தேகத்தையும் சொன்னார்: "கன காலம் வெளியிலை கிடந்த குடல் கருணாகரன். உள்ளை அதுக்கெண்டு இடம் இல்லை. கொஞ்ச நாள் நெருக்கம் இருக்கும். பாப்பம்." தனிக்குடித்தனம் போன பிள்ளைகள் மொத்தமாக அப்பன் வீட்டுக்குத் திரும்பி வந்தால் எப்படி இருக்கும், அந்த மாதிரி. அகலமான வெள்ளைத் துணியால் லேசாகக் கட்டுப் போட்டு, தான் சொல்லும்வரை யாரும் அதைப் பிரிக்கக் கூடாது என்று உத்தரவும் போட்டார்.

அஞ்சலை வந்து அந்தக் கட்டைப் பார்த்தாள். பொன்னுதுரை தைத்த தையலை அவள் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் மதித்திருக்க மாட்டாள். கட்டைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள்.

"இது என்னாது? வாழக்கா பஜ்ஜி மடிச்ச காயிதமாட்டம்" என்றாள் ஜெயா மிஸ்ஸியிடம். அங்கே நர்சுகளை மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். "அறுத்த வயிறு. லொடலொடன்னு கெடந்தா காத்து பூந்துக்காது?"

"டாக்டர் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டாருக்கா."

"டாக்டருக்கு வயித்த அறுக்கத் தெரியும். வயித்த வெச்சுக்கத் தெரியுமா?"

ஜெயா மிஸ்ஸி டாக்டருக்கே எதிர்த்துப் பேசக்கூடியவள். ஆனால் அவளுடைய இரண்டு பிள்ளைப்பேற்றுக்கும் வயிறு கட்டியது அஞ்சலை. தன்னை அந்தக் கோலத்தில் பார்த்து, முழங்காலை ஊன்றி இழுத்துக் கட்டிய ஒருத்தியிடம் விறைப்பாகப் பேச யாரால் முடியும்? மேல் துடைத்து விடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு அஞ்சலை திரையை இழுத்து மூடினாள். ஜெயா மிஸ்ஸி திரைக்கு வெளியே நின்று ஜன்னலை வேடிக்கை பார்த்தாள்.

உள்ளே நடந்தது இதுதான். ஆஸ்பத்திரிக் கட்டைப் பிரித்து, காயத்தின் மேலிருந்த பஞ்சை மட்டும் அப்படியே விட்டு, அஞ்சலை தன் துணியை இடுப்பிலிருந்து நெஞ்சுக்கீழ் வரை சுற்றினாள். இத்தனை வருடமாக இருமித் தப்பித்த மனுசன் இப்போது இருமினால் தையல் வலிக்கும், ஆகவே இருமவும் முடியாது. அவளுக்கு அது ஆசை, அவமானம், அக்கறை எல்லாம் சேர்ந்த வேலை. எது எவ்வளவு என்று அவளைக் கேட்டாலும் பிரித்துச் சொல்லியிருக்க மாட்டாள். மேலே ஆஸ்பத்திரித் துணியைப் பழையபடி சுற்றி மூடினாள். மறுநாள் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "மிஸ்ஸி, கட்டு நல்லாய்க் கிடக்கு" என்று ஜெயாவைப் பாராட்டினார். பாராட்டு வாங்கியவள் கட்டிலின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மருதமுத்துவுக்கு மூச்சு குறைய ஆரம்பித்தது. பேச்சு ஏற்கெனவே குறைவு, அதனால் அது யாருக்கும் தெரியவில்லை. பிறகு சிறுநீர் குறைந்தது. கால் வீங்கியது. கட்டுக்கு மேலே டாக்டர் விரலால் தட்டினால் பலகையைத் தட்டுகிற சத்தம் வந்தது. அஞ்சலைக்கும் பயம் பிடித்துக்கொண்டது. காற்று புகுந்துவிட்டது என்று அவள் முடிவு செய்தாள். காற்றுக்கு அவளிடம் ஒரே மருந்துதான். திரை மறுபடி மூடியது; ஊக்குகள் இன்னும் உள்ளே தள்ளிக் குத்தப்பட்டன.

பொன்னுதுரைக்கு மண்டை காய்ந்தது. உள்ளே எங்காவது கசிகிறதா, ரத்தம் தேங்குகிறதா என்று குழம்பினார். சிறுநீர்ப்பைக்குள் ஒரு ரப்பர் குழாயை விட்டார். கறுத்த டீத்தண்ணீர் போலக் கொஞ்சம் வந்து நின்றுபோனது. அந்தக் குழாயின் மறுமுனையில் ஒரு நீளமான கண்ணாடிக் குழாயைச் செருகி, கொஞ்சம் உப்புத் தண்ணீர் விட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த கம்பியில் நிமிர்த்திக் கட்டினார். வயிற்றுக்குள் அமுக்கம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் ஏறி நிற்கும் என்று ஜெயாவுக்கு விளக்கினார். தண்ணீர் ஏறியது. அவர் எதிர்பார்த்த இடத்தைத் தாண்டியும் ஏறியது. மருதமுத்து மூச்சை இழுக்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் எம்பிப் பார்த்தது.

"இந்த அமுக்கத்திலை சிறுநீரகம் வேலை செய்யாது. படம் எடுங்கோ" என்று என்னிடம் அனுப்பினார்.

தள்ளுகட்டிலோடு அஞ்சலையும் வந்தாள். மருதமுத்துவின் உதடு நீலம் பூத்திருந்தது. நான் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்: "அக்கா, அண்ணன் உடம்புல தாயத்து, அரைஞாண், இரும்பு கிரும்பு ஏதாச்சும் இருக்கா?"

"அரைஞாண் அப்பவே அவுத்தாச்சு. ஒரு இரும்பும் இல்லடா" என்றாள், கண்ணை இமைக்காமல். எக்ஸ்ரே எலும்பை மட்டும்தான் பார்க்கும் என்று நினைத்தாளோ என்னவோ. நான் ஆஸ்பத்திரிக் கட்டின் மேலேயே படம் எடுத்தேன்.

இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழே, மருந்துத் தண்ணீரில் படம் மெல்லத் தெளிந்தது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற அந்தத் தடுப்பு இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. எக்கி மேலே போயிருந்தது. நுரையீரலின் அடிப்பக்கம் நசுங்கி, கால்வாசிக்குமேல் காணாமல் போயிருந்தது. குடல் சுருள்கள் ஒன்றன்மேல் ஒன்று அப்பிக்கிடந்தன. அமுக்கத்தைப் படம் பிடிக்க முடியாது, அது யாரையெல்லாம் பிடித்துத் தள்ளியது என்பதைத்தான் பிடிக்க முடியும். அதெல்லாம் எனக்குப் பழகிய விசயம். பழகாதது ஒன்று இருந்தது. வயிற்றின் ஒரு பக்கத்தில், மேலிருந்து கீழாக, பளிச்சென்று வெள்ளையாக, ஊக்குகள். பூட்டிய ஊக்குகள். வரிசையாக.

இவ்வளவு நேரம் கதை கேட்ட உங்களுக்கு விசயம் தெரியும். ஆனால் படத்தில் எது உள்ளே எது வெளியே என்று தெரியாது. எல்லாம் ஒரே தாளில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அறுவையில் சீழ் வடியச் செருகும் ரப்பர் துண்டு உள்ளே நழுவாமல் இருக்க ஊக்கு குத்துவது அந்தக் காலத்து வழக்கம். டாக்டர் ஊக்குப் பெட்டியையே உள்ளே கொட்டித் தைத்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

அவரும் அதையேதான் நினைத்தார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தவர் அப்படியே நின்றார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாகப் பூத்தது.

"நான் இத்தினை ஊசி பாவிக்கேல்லையே" என்றார் கடைசியில், தனக்குத்தானே. பிறகு, "பாவிச்சனோ?" என்றார்.

அவர்மேல் எனக்கு எத்தனையோ கோபம் உண்டு. என்னை எல்லோர் முன்னாலும் ஏசியிருக்கிறார். ஆனால் அடுத்து அவர் செய்ததை நான் மறக்க மாட்டேன். படத்தை மறைக்கவில்லை. கையில் எடுத்துக்கொண்டு நேராக நடைக்குப் போய், பெஞ்சில் உட்கார்ந்திருந்த அஞ்சலையின் முன்னால் நின்றார்.

"அம்மா, உங்கடை மனுசன்ரை வயித்துக்குள்ளை அமுக்கம் மோசமாக் கூடிப்போச்சு. உடனை திரும்பத் திறக்கோணும். இந்த நிலைமையிலை திறந்தா அவர் தாங்குவாரெண்டு என்னாலை சொல்லேலாது. திறக்காட்டியும் நாளைக்கு இருக்க மாட்டார்."

அஞ்சலை எழுந்து நின்றாள். "எதுக்கு மறுபடி தொறக்கணும்? ஒரு தரந்தான் தொறந்தீங்கல்ல?"

அவர் படத்தை உயர்த்திக் காட்டினார். "உள்ளை ஊசி கிடக்கு. என்ரை பிழை."

ஜெயா மிஸ்ஸி பக்கத்தில்தான் நின்றாள். அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போனதோ.

அஞ்சலை படத்தைப் பார்த்தாள். அவளுக்கு எலும்பு தெரியாது, நுரையீரல் தெரியாது. ஊக்கு தெரியும். தன் கை குத்திய வரிசையை எந்தத் தாளில் காட்டினாலும் அவளுக்குத் தெரியும். அந்த நிமிடத்தில் அவள் செய்திருக்கக் கூடியதை நான் பிறகு பலதரம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். மேல் துடைக்கிறேன் என்று திரைக்குப் பின்னால் போய்ச் சத்தமில்லாமல் அவிழ்த்து மடியில் சொருகிக்கொண்டு வந்திருக்கலாம். டாக்டர் தன் பிழையைத் தேடி மருதமுத்துவை மறுபடி அறுத்திருப்பார். செத்தால் பழி அவர் தலையில். தெங்கேராவிலிருந்து திரிஷா வந்துகொண்டே இருந்திருக்கும்.

"டாக்டரய்யா, அது உள்ள இல்ல" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "வெளிய இருக்கு. என் ஊக்கு. நாந்தான் கட்டுனேன்."

பொன்னுதுரைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஓடினார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்தது அன்று ஒரு தரம்தான். வார்டில் வெள்ளைத் துணியைப் பிடுங்கி எறிந்தார். கீழே அஞ்சலையின் வேலைப்பாடு இருந்தது. நானும் முதல் தரமாகப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது, எங்கும் ஒரு சுருக்கம் இல்லை. டாக்டர் கத்தரி கேட்டுக் கத்தினார். கத்தரி வருவதற்குள் அஞ்சலை குனிந்து முதல் ஊக்கைக் கழற்றினாள்.

இறுக்கியவளுக்கு அவிழ்க்க வரவில்லை. விரல் வழுக்கியது, ஊசி குத்தி ரத்தம் வந்தது. இரண்டாவது ஊக்கு கழன்றதும் ஜெயா மிஸ்ஸி, "டாக்டர், தண்ணி எறங்குது!" என்று கூவினாள். எல்லோரும் கண்ணாடிக் குழாயைப் பார்த்தோம். உச்சியில் முரண்டுபிடித்துக்கொண்டிருந்த தண்ணீர், ஒவ்வொரு ஊக்குக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கடைசிச் சுற்று அவிழ்ந்தபோது மருதமுத்துவின் வாயிலிருந்து ஒரு நீண்ட மூச்சு வந்தது. பல நாளாக உள்ளே நிறுத்தி வைத்திருந்த மூச்சு அது. கேட்ட எனக்கே நெஞ்சு லேசானது.

அன்று மாலை அவர் சிறுநீர் கழித்தார். இதை எழுத வெட்கப்பட மாட்டேன். ஜெயா மிஸ்ஸி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். பக்கத்துக் கட்டில் செட்டியார் ஒருவர் முருகா முருகா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். சில வாரம் கழித்து ஊரே பார்க்கச் சுதந்திரக் கொடி ஏறியது. எங்கள் வார்டில் அன்று மாலை இருந்த சந்தோசத்தை நான் அந்தக் கூட்டத்தில் பார்க்கவில்லை.

டாக்டர் அஞ்சலையைத் திட்டிய திட்டில் சுவரில் இருந்த பல்லி இடம் மாறியது. ஜெயாவுக்கும் கிடைத்தது. அஞ்சலை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவர் மூச்சு வாங்குவதற்காக நிறுத்தியபோது, "பொம்பளைங்களுக்கும் இப்படி ஆகுமா?" என்று மட்டும் கேட்டாள்.

பொன்னுதுரை சற்று தணிந்தார். "பிள்ளை பெத்த வயிறு தளர்ந்திருக்கும். இடம் இருக்கும். கன பேருக்கு ஒண்டும் ஆகாது."

"கன பேருன்னா எல்லாருமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே போய்விட்டார்.

மருதமுத்து வீட்டுக்கு வந்தார். வயிறு பழையபடி அவருக்கு முன்னால் நுழைந்தது. குட்டி வயிறு மட்டும் இல்லை. மெர்டேக்கா ஊர்வலத்துக்குத் தெருவே போயிருந்தது. அவர் கட்டிலில் படுத்தபடி ரேடியோ கேட்டார். தான் உருட்டிய சாலையில் யார் யாரோ நடந்து போனதைப் பற்றி அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அஞ்சலை அவருக்குக் கஞ்சி காய்ச்சினாள், கால் பிடித்துவிட்டாள், திட்டவில்லை. பலகைக்கு இந்தப் பக்கம் எனக்கு அது பெரிய தொந்தரவாக இருந்தது. சத்தம் இல்லாமல் தூங்கிப் பழக்கம் இல்லை.

மறுவாரம் அவள் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தான் வயிறு கட்டிய வீடுகளுக்கெல்லாம் போனாள். வாசலில் நின்றபடி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தெருக்கோடிக்குக் கேட்கும் குரலில் கேட்டாள்: "ஏண்டி, அன்னிக்கு நான் கட்டுனப்ப ஒனக்கு வலிச்சுதா? மூச்சு முட்டுச்சா? பயப்படாம சொல்லு!"

அந்தக் குரலில் பயப்படாதே என்று சொன்னால் போலீஸ்காரனுக்கே வியர்க்கும். பாக்கியலட்சுமி, "அய்யோ, எனக்குத் தூக்கம் தூக்கமால்ல வந்துச்சுக்கா" என்றாள். நாலு வீடு தள்ளியிருந்த சிட்டிப் பெண் சீதா, இடுப்பில் பிள்ளையை மாற்றி வைத்துக்கொண்டு, "தக் சாக்கிட் லா அக்கா" என்று மலாயில் சொன்னாள், வலிக்கவே இல்லையாம். தெங்கேராவில் ஒரு மருமகள், பிள்ளை பெறாமலே இன்னொரு தரம் கட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது என்று சொல்லி மாமியாருக்கே அதிர்ச்சி கொடுத்தாளாம். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் இறங்கியதைத் தன் கண்ணால் பார்த்த ஜெயா மிஸ்ஸியும்கூட, "வலியா? எனக்கா?" என்று சிரித்துச் சமாளித்தாள்.

அஞ்சலை வீடு திரும்பியபோது பழைய குரல் திரும்பியிருந்தது. குடையை மூலையில் எறிகிற சத்தம் கேட்டது. நான் நிம்மதியாகக் காலை நீட்டினேன்.

"கேட்டுக்க. ஒருத்திக்குக்கூட வலிக்கலயாம். ஒருத்திக்கும் மூச்சு முட்டலயாம். ஒன் வயிறு ஒண்ணுதான் ஒலகத்துலயே ஒசத்தி வயிறு!"

மருதமுத்து கஞ்சியை உறிஞ்சினார்.

"அதெல்லாம் கெடக்கட்டும். ஒண்ணு கேக்குறேன். ஒனக்கு வாய் இருந்துச்சுல்ல? மூச்சு முட்டுச்சுல்ல? 'வலிக்குது, அவுருடி'ன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னாய்யா கொள்ள?"

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"சொல்லலாம்னுதான் பாத்தேன் அஞ்சல. சொன்னா இன்னும் ஒரு சுத்து இறுக்கிருவியோன்னு பயமா இருந்துச்சு."

அடுத்து இடி விழும் என்று நான் காத்திருந்தேன். விழவில்லை. பலகையில் காதை வைத்தேன், வெட்கமில்லாமல். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேரும் மூச்சு விடுகிறார்களா என்றுகூடச் சந்தேகம் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. அஞ்சலை குடை இல்லாமல் வெயிலில் இறங்கினாள். வேகமாக நடப்பவள், தரையைப் பார்த்துக்கொண்டு மெல்ல நடந்து சீதாவின் வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்று கூப்பிடவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் வேலைக்குக் கிளம்பி அந்தப் பக்கமாகப் போனேன். ஜன்னல் திறந்திருந்தது. சீதா பேசிக்கொண்டிருந்தாள், மலாயில், நிறுத்தாமல், அழுதுகொண்டே. எங்கே வலித்தது, எப்படி வலித்தது, எத்தனை நாள் படுத்தால் எழ முடியாமல் கிடந்தாள் என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அஞ்சலையின் குரல் கேட்கவே இல்லை.